கழுத்தில் தட்டுப்படும் கட்டி: காத்திருப்பதா, ஊசியா, கத்தியா?

முகம் மழிக்கும்போதோ தாலிச் சரட்டைச் சரிசெய்யும்போதோ கழுத்தின் ஒரு பக்கத்தில் கட்டி ஒன்று கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை என்றால் பெரும்பாலோர் அதைச் சில வாரங்கள் பொருட்படுத்துவதில்லை. பிறகு மருத்துவரிடம் போனால், அவர் யார், எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து நான்கு விதமான ஆலோசனைகளில் ஒன்று கிடைக்கும். மாத்திரை தருகிறேன், பத்து நாள் கழித்து வாருங்கள் என்பது ஒன்று. ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்பது இரண்டாவது. ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை மூன்றாவது. சின்ன ஆபரேஷன்தான், கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்பது நான்காவது. நான்கிற்கும் மருத்துவத்தில் இடம் உண்டு. ஆனால் எது முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்ற வரிசை பிசகினால், ஒரே நோயாளிக்குச் சிகிச்சையின் பலனே மாறிப்போகக்கூடும். ஆகவே இந்த நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தச் சூழலில் எதைத் தேர்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

இங்கே சொல்லப்போவது பெரியவர்களுக்கு வரும் கட்டிகளைப் பற்றியது. குழந்தைகளுக்குச் சளி, தொண்டைவலி, தலையில் பேன், புண் என எதற்கும் கழுத்தில் நெறி கட்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே வற்றிவிடும். நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் வலியில்லாத கட்டி வந்து, அது வாரக்கணக்கில் கரையாமல் நிற்கிறதென்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை அதைப் புற்றுநோயாகவே கருதி ஆராய வேண்டும் என்பது தலை, கழுத்து மருத்துவத்தின் பழைய விதி. இன்றும் அது செல்லுபடியாகிறது.

இன்னொரு விதிவிலக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழுத்து வீக்கத்தோடு மூச்சிழுக்கும்போது சத்தம் வருவது, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாமல் காய்ச்சல் அடிப்பது ஆகியவற்றில் எதுவும் இருந்தால் ஒப்பீட்டுக்கு நேரமில்லை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுத்தின் ஆழத்தில் சீழ் கட்டினால் சில மணி நேரத்தில் மூச்சுப்பாதை அடைபடக்கூடும்.

சோதனைக்கு முன் கையும் கண்ணும்

நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளே நிணநீர்க் கணுக்கள்; அவை வீங்குவதைத்தான் நெறி கட்டுதல் என்கிறோம். உடலில் உள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ 300 கழுத்தில் மட்டும் இருக்கின்றன. தலைத்தோல், முகம், வாய், மூக்கு, தொண்டை, குரல்வளை என ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வடியும் நிணநீர், பெரும்பாலும் ஒரே ஒழுங்கில், குறிப்பிட்ட கணுக்களுக்கே போய்ச் சேருகிறது. அதனால் கட்டி எங்கே இருக்கிறது என்பதே நோய் எங்கே தொடங்கியிருக்கலாம் என்பதற்கான முதல் துப்பு. இதற்காகத்தான் மருத்துவர்கள் கழுத்தை எண்ணிட்ட மட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பினால், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்பையும் காறை எலும்பையும் நோக்கிச் சரிவாக இறங்கும் தடித்த தசை ஒன்று புடைத்துத் தெரியும். தாடைக்கு அடியில் இருப்பது முதல் மட்டம். அந்தத் தசையை ஒட்டி மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு. தசைக்குப் பின்னால், பிடரியை நோக்கிய முக்கோணம் ஐந்து. நடுக்கழுத்தில் தைராய்டைச் சுற்றியுள்ளது ஆறு.

கன்னத்தின் உட்புறத்திலோ வாயின் அடித்தளத்திலோ வரும் புற்றுநோய் முதலில் தாடைக்கு அடியிலுள்ள கணுக்களில் தங்கும். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் பரவலாக உள்ள நம் நாட்டில் மருத்துவரின் விரல் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை ஆகியவற்றின் நோய்கள் தசையை ஒட்டிய கணுக்களில் தெரியும். மூக்கின் பின்னறையில் தொடங்கும் புற்றுநோய் பிடரிப் பக்க முக்கோணத்திலும் கட்டியாக வரும். சில வேளை ஒரு பக்கக் காது அடைப்பைத் தவிர அதற்கு வேறு அறிகுறியே இருப்பதில்லை. இடது காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தட்டுப்படும் கணுவைப் பற்றி ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்ஹோ 1848-இலேயே எழுதினார். உடலின் பெரும்பகுதியிலிருந்து நிணநீரைச் சுமந்து வரும் மார்பு நாளம் இடது கழுத்தடியில்தான் சிரையில் கலக்கிறது. அதனால் வயிற்றுப் புற்றுநோய்கூட அங்கே முதலில் முகம் காட்டலாம். அப்படியொரு கட்டிக்குத் தொண்டையை மட்டும் பார்த்து அனுப்பினால் நோய் வயிற்றில் ஒளிந்துகொள்ளும்.

நடுக்கோட்டில் உள்ள கட்டிகளுக்கு இரண்டு எளிய சோதனைகள் போதும். ஒரு வாய் தண்ணீர் விழுங்கும்போது கட்டி மேலேறி இறங்கினால் அது தைராய்டைச் சேர்ந்தது. சுரப்பி மூச்சுக்குழலோடு பிணைந்திருப்பதால் அதனோடு சேர்ந்து அசைகிறது. நாக்கை வெளியே நீட்டும்போதும் மேலேறினால், பிறவியிலேயே நாக்கின் அடியிலிருந்து தைராய்டு வரை எஞ்சிய குழாயில் உண்டான நீர்க்கட்டியாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கட்டியே இல்லாததைக் கட்டி என்று எண்ணி வருவோரும் கணிசம். மெலிந்தவர்களுக்குக் காதுமடலுக்குக் கீழே, தாடைக் கோணத்துக்குப் பின்னால், முதல் கழுத்தெலும்பின் பக்க நீட்சி கடினமான உருண்டையாகத் தட்டுப்படும். குரல்வளைக்கு மேலுள்ள நாவடி எலும்பின் முனையும் அப்படியே. முதியவர்களுக்குக் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம் துடிக்கும் கட்டியாகத் தெரியும். வயதாக ஆகத் தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி தளர்ந்து கீழே இறங்கி, புதிதாக முளைத்தது போலத் தோன்றும். மறுபக்கத்தையும் தொட்டுப் பார்த்தால் இவற்றில் பலவற்றுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

முறையான பரிசோதனை எப்படி இருக்கும் என்பதை நோயாளியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருத்துவர் உங்கள் பின்னால் நின்று, பரிசோதிக்கும் பக்கமாகத் தலையைச் சற்றே குனிய வைத்து, விரல் நுனிகளால் மோவாய்க்கு அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மட்டமாகத் தடவி வருவார். தமனி துடிக்கும் இடத்தை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த மாட்டார். அப்படி அழுத்தினால் தலைசுற்றல், மயக்கம் வரலாம். பிறகு செயற்கைப் பற்கள் இருந்தால் கழற்றச் சொல்லி, விளக்கொளியில் உதடு, ஈறு, கன்னம், நாக்கின் ஓரம், அண்ணம், டான்சில் எல்லாவற்றையும் பார்ப்பார். கையுறையிட்ட ஒரு விரலை வாய்க்குள்ளும் மறு கையைத் தாடைக்கு வெளியிலும் வைத்து இரண்டுக்கும் நடுவே வாயின் அடித்தளத்தை உணர்ந்து பார்ப்பார். நாக்கின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்ப்பது குமட்டலைத் தரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு புற்றுக்கட்டிகள் விரலுக்கு அகப்படும் இடம் அது. கடைசியாக மூக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி மூக்கின் பின்னறையையும் குரல்வளையையும் பார்ப்பார். தலைமுடியை விலக்கித் தலைத்தோலையும், காதுக்குப் பின்னாலும் பார்க்காமல் இந்தப் பரிசோதனை முடிவதில்லை. அக்குளும் தொடையிடுக்கும் வயிறும் மீதி. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் பிடிக்கும். இதைச் செய்யாமல் நேரடியாகச் சீட்டில் ஸ்கேன் எழுதுவதோ ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதோ, எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும், அரைகுறை வேலைதான்.

காத்திருப்பதும் மாத்திரையும்

காத்திருப்பதற்குச் செலவில்லை, வலியில்லை. பல்வலி, தொண்டைவலி, தலைப்புண் போன்ற தெளிவான காரணம் இருந்து, கட்டி தொட்டால் வலித்து, மென்மையாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால், இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது சரியான முடிவு. அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை, தலை கழுத்து அறுவை மருத்துவர்களின் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எந்தக் கட்டிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதைத் தெளிவாக வரையறுத்தது: இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றமின்றி இருப்பது அல்லது எப்போது வந்தது என்றே தெரியாதது, 1.5 செ.மீ.-க்கு மேல் இருப்பது, கெட்டியாக இருப்பது, அசைத்தால் அசையாதது, மேல்தோல் புண்ணானது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

அதே வழிகாட்டுதல், தொற்றுக்கான அறிகுறி இல்லாதபோது ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. ஐந்து நாள் மாத்திரையில் கட்டி சற்றுச் சுருங்கினாற்போல் தோன்றும், நோயாளி நிம்மதியாகப் போய்விடுவார், மூன்று மாதம் கழித்து அதே கட்டி இரு மடங்காகி வரும். காரணம் தெரியாமல் மாத்திரை தருவதைத் தவிர்க்க நம் ஊரில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் நோய் குணமாகாமலே பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். வீக்கம் குறையட்டும் என்று கொடுக்கப்படும் ஸ்டீராய்டு நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவைத் தற்காலிகமாகக் கரைத்து, பயாப்சியையே குழப்பிவிடும். காரணம் தெரியாத கழுத்துக் கட்டிக்கு ஸ்டீராய்டு தருவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

சோதனை எதுவும் செய்யாமல், கழுத்தில் நெறி கட்டினாலே டிபிதான் என்று ஆறு மாதச் சிகிச்சையைத் தொடங்கும் பழக்கமும் இந்தக் கணக்கில்தான் வரும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் கழுத்துக் கணுக்களைத் தாக்குவது மிகப் பரவலான வகைகளுள் ஒன்று. ஆகவே அந்த ஊகம் பல முறை சரியாகவே இருக்கும். தவறும் நோயாளிக்கோ, லிம்ஃபோமாவோ பரவிய வாய்ப்புற்றுநோயோ பல மாதங்கள் முன்னேற வழி திறந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால், எந்த மருந்து வேலை செய்யாது என்பதும் தெரியாமலே போகும்.

எந்த ஸ்கேன்?

கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் முதலிடம் பெறுவதற்குக் காரணம் அதன் மலிவு மட்டுமன்று. கணுக்கள் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் உயர் அதிர்வெண் அலைகளில் அவற்றின் உள்ளமைப்பு சி.டி.யைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. நலமான கணு அவரை விதையைப் போல நீண்டிருக்கும், நடுவில் கொழுப்பாலான வெண்ணிறப் பகுதி தெரியும். நோயுற்ற கணு உருண்டையாகி, அந்த நடுப்பகுதி மறைந்து, ஓரங்களில் இரத்த ஓட்டம் தாறுமாறாக இருக்கும். கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் தயங்காமல் செய்யலாம். அதே மேசையில் படுக்க வைத்தே, திரையைப் பார்த்துக்கொண்டு ஊசியையும் செலுத்திவிடலாம். குறை என்னவென்றால், காற்றுக்கும் எலும்புக்கும் பின்னால் அதற்குப் பார்வை இல்லை. மூக்கின் பின்னறை, நாக்கின் அடிப்பகுதி, தொண்டைக்குப் பின்னாலுள்ள கணுக்கள் எதுவும் தெரியாது. செய்பவரின் திறமையைச் சார்ந்திருப்பதும் குறைதான். 'பல கணுக்கள் வீங்கியுள்ளன' என்று ஒரே வரியில் முடியும் ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மட்டம், குறுக்களவு, வடிவம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூலக்கட்டி, அதாவது புற்றுநோய் முதலில் தொடங்கிய இடம், எங்கே என்று தேட வேண்டியிருக்கும்போது, அல்லது கட்டி ஆழத்தில் இருக்கும்போது, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. தேவைப்படும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த கழுத்து சி.டி.யில் கணுவையும் இரத்தக் குழாயையும் பிரித்தறிவதே சிரமம். பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அப்படி எடுப்பது பெரும்பாலும் இரண்டு முறை எடுப்பதில் முடியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டுப் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடின் உடலில் தங்குவதால், பின்னர் தேவைப்படக்கூடிய கதிரியக்க அயோடின் சிகிச்சையை ஓரிரு மாதம் தள்ளிப்போட நேரலாம்.

நாக்கு, காதடி உமிழ்நீர்ச் சுரப்பி, மூக்கின் பின்னறை ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. மேலானது, அசையாமல் அரை மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும், செலவும் கூடுதல். நோயுள்ள இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் சி.டி. ஸ்கேனை முதல் சோதனையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணுவில் புற்றுநோய் உறுதியாகி, மூலம் எங்கே என்று பிற வழிகளில் அகப்படாதபோதுதான் அதன் அருமை தெரியும். காசநோய்க் கணுவும் அதில் புற்றுநோயைப் போலவே ஒளிரும் என்பதால், நம் நாட்டில் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

ஊசி கத்திக்கு முந்துவது ஏன்?

எஃப்.என்.ஏ.சி. என்பது, இரத்தம் எடுக்கப் பயன்படுவதைப் போன்ற, அல்லது அதைவிட மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் சில முறை நகர்த்தி, ஊசித்துளைக்குள் வந்த செல்களைச் சோதிப்பது. மயக்க மருந்து வேண்டியதில்லை. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் சொட்டி, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்புவார்கள்; சில தகடுகளைக் காற்றில் உலர விடுவார்கள், சிலவற்றை உடனே ஸ்பிரிட்டில் அமிழ்த்துவார்கள், ஏனென்றால் இரண்டிலும் ஏறும் சாயம் வேறு, தெரியும் நுணுக்கம் வேறு. முழு வேலையும் பத்திருபது நிமிடம். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் இம்முறையை 1930-இல் விரிவாக எழுதினார்கள். தலை, கழுத்து அறுவை மருத்துவரான மார்ட்டின், மூலத்தைத் தேடாமல் கழுத்துக் கணுவை அவசரப்பட்டு அறுத்தெடுப்பதைத் தொடர்ந்து கண்டித்து வந்தவர்.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நோயாளிகளிடம் மிகப் பரவலாக இருக்கிறது. சோதனை அறையின் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இந்த மெல்லிய ஊசியில் அப்படி நேர்வது மிக மிக அரிது, அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பரவல் பற்றிய கவலை பொருத்தமாக இருப்பது கத்திக்குத்தான். பரவிய புற்றுநோய்க் கணுவை முதலிலேயே அறுத்தெடுத்தவர்களுக்குப் புண் ஆறாமை, கழுத்தில் நோய் திரும்புதல், தொலைவுப் பரவல் ஆகியவை கூடுதலாக இருந்ததாக அமெரிக்க மருத்துவர்களான மெக்குர்ட்டும் மெக்கேபும் 1978-இல் எழுதினார்கள். உரிய சிகிச்சையை உடனே தொடர்ந்தால் அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சில சொல்லின. இந்த வாதம் எப்படி முடிந்தாலும், ஒருமுறை அறுத்துத் தழும்பேறிய கழுத்தில் மறுபடி முழுமையான அறுவை செய்வது கடினம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஊசி அத்தகைய சுவட்டை விடுவதில்லை.

காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஊசியின் பயன் இரட்டிப்பாகிறது. அதே உறிஞ்சலில் ஒரு பகுதியைத் தகட்டுக்கும் மறு பகுதியைக் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவிக்கும் அனுப்பினால், கிருமி இருக்கிறதா என்பதோடு முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிய வாய்ப்புண்டு. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இச்சோதனையும் மருந்தும் இலவசம். காசநோயால் சீழ் கட்டிய கணுவைக் கீறிவிடக் கூடாது. கீறினால் மாதக்கணக்கில் வடியும் ஆறாப் புண்ணாகிவிடும். பக்கத்திலுள்ள நல்ல தோலின் வழியாக ஊசியைச் சரித்துச் செலுத்திச் சீழை உறிஞ்சுவதே முறை.

ஊசிக்கு எட்டாதவையும் உண்டு. லிம்ஃபோமாவில் செல்லின் தோற்றத்தோடு கணுவின் முழுக் கட்டமைப்பும் தெரிய வேண்டும். சிதறிய செல்கள் அதைச் சொல்லாது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் நீர் நிறைந்த கட்டி இருந்து, ஊசியில் வெறும் நீர் மட்டும் வந்தால், அதைப் பிறவி நீர்க்கட்டி என்று முடிவு கட்டக் கூடாது. டான்சிலில் ஒளிந்திருக்கும், ஹெச்.பி.வி. வைரஸால் வரும் புற்றுநோயும் தைராய்டுப் புற்றுநோயும் கழுத்துக் கணுவில் இப்படி நீர் கோத்துக்கொள்ளும். சந்தேகம் வலுவாக இருக்கும்போது 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்ற ரிப்போர்ட் விடுதலைப் பத்திரம் ஆகாது. அல்ட்ராசவுண்ட் துணையோடு மறுபடி எடுக்க வேண்டும், அல்லது சற்றுப் பருத்த ஊசியால், தோலை மரக்கச் செய்து, சிறு திசுத்துண்டாக எடுக்கும் கோர் பயாப்சிக்குப் போக வேண்டும்.

ஒரு வகைக் கட்டிக்கு ஸ்கேன் கட்டாயமாக ஊசியை முந்த வேண்டும். தாடைக் கோணத்துக்குக் கீழே, பக்கவாட்டில் அசைந்து, மேலும் கீழுமாக அசையாமல், கையில் துடிப்பாகத் தெரியும் கட்டி, கழுத்துத் தமனி பிரியும் கவையில் வளரும் இரத்தம் செறிந்த கட்டியாக இருக்கலாம். அதில் ஊசியோ கத்தியோ கண்மூடித்தனமாக நுழையக் கூடாது.

கத்திக்கு உரிய இடம்

சின்ன ஆபரேஷன் என்று சொல்லப்படும் கணு அகற்றலில், அளவு சிறியதென்பது மட்டுமே உண்மை. பிடரிப் பக்க முக்கோணத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேயே, கொழுப்பின் நடுவில், தோள்பட்டையைத் தூக்கும் தசைக்குப் போகும் பதினோராவது மண்டை நரம்பு ஓடுகிறது. அங்கே கணு எடுக்கும்போது அது அறுபட்டால் தோள் சரியும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாது. தலைவாருவதும் பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும் வலியோடுதான். தாடைக்கு அடியில் கீறும்போது கீழுதட்டை இயக்கும் முகநரம்புக் கிளை அகப்பட்டால் சிரிக்கும்போது வாய் கோணும்; அதனால்தான் அனுபவமுள்ள கைகள் தாடை ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே கீறுகின்றன. காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது. அங்கே மிகுதியாக வரும் சாதுவான கட்டிகூட, உறை கிழிந்தால் சிதறி, ஆண்டுகள் கழித்துப் பல முடிச்சுகளாகத் திரும்பும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கத்தி தவிர வேறு வழியில்லாத சூழல்கள் இருக்கின்றன. ஊசியோ கோர் பயாப்சியோ லிம்ஃபோமாவைச் சுட்டினால், ஒரு கணுவை உறையோடு முழுதாக எடுப்பதுதான் நம்பகமான வழி. இரண்டு முறை ஊசி போட்டும் விடை வராத கட்டிக்கும் அதுவே. 1972-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கிகுச்சி நோய், இளம்பெண்களுக்குக் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டச் செய்து சில மாதங்களில் தானே தணிவது, பெரும்பாலும் இப்படி எடுத்த கணுவில்தான் உறுதியாகிறது. காசநோய் என்றோ லிம்ஃபோமா என்றோ தவறாகச் சிகிச்சை பெறாமல் தப்புவது அவர்களுக்குச் சிறிய லாபமன்று. புற்றுநோய்ச் சந்தேகத்தோடு அறுக்கும்போது, அதே மயக்கத்தில் முதலில் தொண்டை, குரல்வளை, நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கருவியிட்டுப் பார்த்துவிட்டே கழுத்தைத் தொட வேண்டும்.

எடுத்த கணு எந்தப் பாட்டிலில் போகிறது என்பதையும் நோயாளியின் உறவினர் கேட்டு வைப்பது நல்லது. முழுவதையும் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யவே முடியாது. ஒரு பகுதி ஃபார்மலினிலும் ஒரு பகுதி உப்புநீரிலும் போக வேண்டும். இரண்டு பாட்டில்களுக்கான விலை ஒன்றுமில்லை. ஒன்றை மறந்ததற்காக மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்வதுண்டு.

தைராய்டுக்கு வேறு கணக்கு

மேலே சொன்ன அவசரம் தைராய்டு முடிச்சுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவைப் பார்த்து, அல்ட்ராசவுண்டில் முடிச்சின் தோற்றத்தைத் தரம்பிரித்த பிறகுதான் ஊசி. பரவலாகப் பின்பற்றப்படும் 2017-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரவரிசையின்படி, மிகுந்த சந்தேகத்துக்குரிய ஐந்தாம் வகை முடிச்சுக்கே 1 செ.மீ. இருந்தால்தான் ஊசி, நான்காம் வகைக்கு 1.5, மூன்றாம் வகைக்கு 2.5. ஊசி ரிப்போர்ட் ஆறு வகைகளாக வரும். அதில் நான்காம் வகை பலரைக் குழப்புகிறது. முடிச்சின் உறையைச் செல்கள் துளைத்திருக்கின்றனவா என்பதைக் கொண்டே அங்கே புற்றுநோயை அறிய முடியும், ஊசியில் உறை வருவதில்லை. ஆகவே அந்த வகைக்குப் பெரும்பாலும் பாதித் தைராய்டை எடுத்துப் பார்ப்பதே விடையாகிறது.

உடல்நலத் தொகுப்புச் சோதனைகளில் எந்தக் காரணமும் இல்லாமல் கழுத்து அல்ட்ராசவுண்டைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்கொரியாவில் 1999-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தோடு, சிறு கட்டணத்தில் தைராய்டு அல்ட்ராசவுண்டும் பரவலாகச் செய்யப்பட்டது. 2011-இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் வீதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கானது. இறப்பு வீதம் மட்டும் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் தேவையற்ற அறுவைக்கும் வாழ்நாள் மாத்திரைக்கும் ஆளானார்கள்.

யாருக்கு எது?

ஐம்பது வயதைக் கடந்த, புகையிலைப் பழக்கமுள்ள ஒருவருக்குத் தாடைக்கு அடியில் கெட்டியான கட்டி வந்து ஒரு மாதமாகிறது என்றால், வாய், தொண்டைப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டோடு ஊசியும் அந்த வாரத்திலேயே முடிய வேண்டும். வாயில் புண் தெரிந்தால் அங்கிருந்து பயாப்சி எடுப்பது கழுத்தைத் தொடுவதைவிட எளிது. ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அவரை அனுப்பிவிடக் கூடாது.

முப்பது வயதுக்காரருக்குக் கழுத்திலும் அக்குளிலும் ரப்பர் போன்ற கணுக்கள், இரவில் வேர்வை, எடைக்குறைவு என்றால், ஊசி காசநோய்க்கான விடையைத் தரலாம். தராவிட்டால் காலம் கடத்தாமல் முழுக்கணு பயாப்சி. கணுக்காசம் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கிய சிலருக்கு, மருந்து வேலை செய்யும்போதே கட்டிகள் பெரிதாவதுண்டு. பயந்து மருந்தை நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொண்டைவலியோடு வந்த கல்லூரி மாணவிக்கு, தாடைக் கோணத்துக்கு அருகில் தொட்டால் வலிக்கும் மென்மையான ஒரு சென்டிமீட்டர் கணு இருந்து, மற்ற இடங்கள் எல்லாம் சரியாக இருந்தால், ஸ்கேனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கட்டியின் அளவையும் பார்த்த தேதியையும் சீட்டில் எழுதி, தினமும் அமுக்கிப் பார்க்காமல், இரண்டு வாரம் கழித்து அதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வற்றியிருந்தால் அத்தோடு சரி. அப்படியே இருந்தால் அல்ட்ராசவுண்ட்.